பில் வேணுமா சார்?

விழுப்புரத்தில் 2022 நவம்பரில் ஒருவர் முதியோருக்கு வழங்குவதற்காக ஓர் உணவகத்தில் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். சாப்பாடு ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். ஒவ்வொரு பார்சலிலும் 11 அயிட்டங்கள் இருக்கும் என்று பேச்சு. பிரித்துப் பார்த்தால் ஊறுகாயைக் காணோம். பாக்கெட் ஒரு ரூபாய் என்று கணக்கிட்டு 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். உணவகம் தரவில்லை. விவகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனது. 2024 ஜூலையில் உத்தரவு வந்தது: மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25. ஆக 35,025 ரூபாய். முறையான ரசீதும் தர வேண்டும் என்று ஆணையம் சொன்னது.

அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்ட ஆணையம் இதைவிடச் சின்னத் தொகைக்கு ஓர் உத்தரவு போட்டது. பொழிச்சலூர் அஞ்சலகத்தில் பதிவுத் தபால் அனுப்பிய ஒருவருக்கு ரசீது 29 ரூபாய் 50 காசுக்கு வந்தது. வாங்கியதோ 30 ரூபாய். மீதி 50 காசைத் தரவில்லை. சரியான தொகையை யுபிஐயில் கட்டுகிறேன் என்றாலும் ஏற்கவில்லை. அந்த 50 காசையும், இழப்பீடாக 10,000 ரூபாயையும், வழக்குச் செலவாக 5,000 ரூபாயையும் அஞ்சல் துறை தர வேண்டும் என்று ஆணையம் கூறியது.

இந்த இரண்டு செய்திகளும் நாளிதழ்களில் வந்தபோது பலர் வேடிக்கையாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். ஆனால் வீட்டை நடத்துகிறவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. அஞ்சலக வழக்கில் 29.50 என்று அச்சடித்த துண்டுச்சீட்டு இல்லாமல் போயிருந்தால், 50 காசு பாக்கி என்பதையே நிரூபித்திருக்க முடியாது. தொகை சின்னதா பெரியதா என்பது இரண்டாவது கேள்வி. கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஏசி ரிப்பேர், கரண்ட் பில், வாடகை அட்வான்ஸ், வங்கிப் பிடித்தம் என்று வீட்டுக்கு வரும் தலைவலிகள் பலவிதம். எல்லாவற்றிலும் குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பணம் கைமாறும் அந்த ஒரு நிமிடத்தில் எதையும் எழுத்தில் வாங்காமல் விடுவது.

கடையில் கேட்கும் கேள்வி எல்லோருக்கும் தெரியும். "பில் வேணுமா சார்? பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்." 10,000 ரூபாய் பொருளுக்கு 18 சதவீத வரி என்றால் 1,800 ரூபாய். மாதக் கடைசியில் யாருக்கும் மனம் தடுமாறும். ஆனால் அந்த 1,800 ரூபாயோடு வாரண்டியும் புகார் செய்யும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகின்றன. மோட்டார் ஒரே மாதத்தில் புகைந்தால், இந்தக் கடையில்தான் வாங்கியது என்று காட்ட எதுவும் இருக்காது. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வரையறுக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே வகைதான். "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. குறையுள்ள பொருளுக்கு அந்த வரி கேடயம் ஆகாது.

வீடு தேடி வரும் பிளம்பரிடமும் கொத்தனாரிடமும் பெயின்டரிடமும் இதே போல அச்சடித்த பில் கேட்பது நியாயமில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் ஜிஎஸ்டியில் பதிய வேண்டிய கட்டாயமே இல்லை. அவர்களோடு செய்ய வேண்டியது வேறு. பேசி முடித்ததும், பேசியதையே வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பிவிட வேண்டும்: "அண்ணே, மாடி பாத்ரூம் லீக் சரி பண்ண மொத்தம் 14,000. பைப், டைல்ஸ் எங்க செலவு. புதன்கிழமை ஆரம்பிச்சு நாலு நாள்ல முடிக்கணும். மூணு மாசத்துக்குள்ள திரும்ப ஒழுகினா கூலி இல்லாம பாத்துக் கொடுக்கணும். சரிதானே?" அவர் அனுப்பும் ஒரு "சரிங்க" போதும். பணத்தை ரொக்கமாகத் தராமல் ஜிபேயில் அனுப்பினால் தேதியும் தொகையும் தாமாகவே பதிவாகிவிடும். இது வேலைக்காரரைச் சந்தேகப்படுவதாகாது. பேசியதைவிடக் கூடுதல் வேலையை நைசாகச் சேர்க்கும் வீட்டுக்காரரிடமிருந்து அந்த உழைப்பாளியையும் இதே நாலு வரி காப்பாற்றும்.

முன்பணம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. பாதிக்கு மேல் முதலிலேயே கொடுத்த வேலை பாதியில் நிற்பதைக் கிட்டத்தட்ட எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். பொருள் வாங்கும் தொகையைக் கடைக்கே நேரடியாகக் கட்டிவிட்டு, கூலியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம்: உடைத்து முடித்ததும் ஒரு பங்கு, பூச்சு முடித்ததும் ஒரு பங்கு, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகு கடைசிப் பங்கு. அந்தக் கடைசிப் பங்கு கையில் இருக்கும்வரை போனை எடுக்காத மேஸ்திரி இல்லை.

ஏசியும் வாட்டர் ப்யூரிஃபையரும்

ஏப்ரல் பிறந்தால் மெக்கானிக் வாயில் வரும் முதல் வாக்கியம், "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணணும்." பல வீடுகளில் ஒவ்வொரு கோடையிலும் இது நடக்கிறது. பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் சரக்கு அல்ல ஏசி கேஸ். மூடிய குழாய்க்குள் அதே வாயு ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், அந்தப் பணம் சில மாதங்களில் காற்றோடு போகும். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் பார்ப்பது, கசியும் இணைப்பைச் சரிசெய்வது, வேக்யூம் இழுப்பது, பிறகு எடை போட்டு நிரப்புவது என்பதே முறை. எந்த வாயு, எவ்வளவு கிராம் என்பது ஏசியின் பெயர்ப்பலகையிலேயே அச்சாகியிருக்கும். இப்போது விற்கும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கக்கூடியது. எனவே தராசும் வேக்யூம் பம்பும் இல்லாமல் சிலிண்டரோடு மட்டும் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவதே பாதுகாப்பு.

மெக்கானிக்கை அழைப்பதற்கு முன்பு ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் பின்புறம் தூசி அடைத்திருந்தாலும், கப்பாசிட்டர் பலவீனமாக இருந்தாலும், வோல்டேஜ் குறைவாக வந்தாலும் குளிர்ச்சி குறையும். அப்போது கேஸைத் தொட வேண்டியதே இல்லை. வந்தவர் கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பாகத்தை மாற்றினாலும், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். "பிசிபி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பழைய பலகையையும் எடுத்துப் போகிறவர், அதையே சரிசெய்து அடுத்த வீட்டில் மாட்டமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? "பத்து வருட வாரண்டி" என்ற விளம்பரத்தையும் கவனித்துப் படிக்க வேண்டும். அது பொதுவாகக் கம்ப்ரஸருக்கு மட்டும். அதை மாற்றும் கூலியும் கேஸும் வாங்கியவர் தலையில் விழுவது வழக்கம். வாரண்டி அட்டையின் பின்பக்கச் சிற்றெழுத்தை வாங்கும் நாளிலேயே படிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

வாட்டர் ப்யூரிஃபையர் விற்பவர்கள் வீட்டுக்கு வந்து காட்டும் ஒரு வித்தை இன்னும் நடக்கிறது. இரண்டு தம்ளரில் தண்ணீர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்களுடைய ஆர்ஓ தண்ணீர். உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கலங்குகிறது. "இதைத்தாம்மா இத்தனை நாளா குழந்தைக்குக் கொடுத்தீங்க" என்கிறார் வந்தவர். தாய்மார்களைக் கலங்கடிக்கும் இந்த வித்தையில் உண்மை இதுதான்: உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அப்போது கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து நிறம் கொடுக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது. நல்ல கிணற்றுத் தண்ணீரும் இந்தச் சோதனையில் பழுப்பாகத்தான் போகும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும், பாதி ஏமாற்று நின்றுவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் டிடிஎஸ் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வீட்டுத் தண்ணீர் 200, 300 என்று காட்டினால் உப்பை நீக்கும் ஆர்ஓ தேவைப்படாமல் போகலாம், கிருமிக்குக் காய்ச்சிக் குடித்தால் போதும். (தண்ணீரில் ஃப்ளூரைடு, நைட்ரேட் போன்ற குறிப்பிட்ட சிக்கல் உள்ள ஊர்களில் மட்டும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது அவசியம். டிடிஎஸ் மீட்டர் அதைச் சொல்லாது.) ஆர்ஓ ஏற்கெனவே இருக்கும் வீட்டில், உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மாதம் ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். வெளியே வரும் அளவு படிப்படியாக ஏறினால்தான் மெம்பிரேனுக்கு வயதாகிறது. "எல்லா ஃபில்டரையும் மாத்தணும்" என்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்காக (ஏஎம்சி) வருபவர் சொல்லும்போது அந்த எண்களைக் காட்டிப் பேசலாம்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத் தேடலில் எடுக்கவே கூடாது. தேடலில் மேலே வந்து நிற்கும் எண் மோசடிக்காரர்களுடையதாக இருக்கலாம். "பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும்" என்று ஒரு லிங்க் அனுப்புவார்கள், அல்லது திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். சற்று நேரத்தில் கணக்கு காலி. எண் வேண்டுமென்றால் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பில், வாரண்டி அட்டை ஆகிய மூன்றில் ஒன்றில் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரம்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க உதவும்.

ரீடிங் தள்ளிப்போனால்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2024 ஜூலையில் வந்த கட்டணப் பட்டியலின்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதாவது சரியாக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500ஐத் தாண்டினால் பட்டியலே வேறு: 101ஆவது யூனிட்டிலிருந்தே 400 வரை 4.70 ரூபாய், 500 வரை அதே 6.30, 500க்கு மேல் 8.40 ரூபாய். 510 யூனிட் ஓடினால் பில் 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுதல்!

இப்போது ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் 500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு அந்த நான்கு நாளில் சுமார் 33 யூனிட் கூடும். பில் 2,317 ரூபாய் ஆகும். அடுத்த முறை சரியான தேதியில் எடுத்தால் 56 நாளுக்கு 467 யூனிட், 1,597 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,914. தாமதமே இல்லாதிருந்தால் 3,610. குடும்பம் ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்கவில்லை. 304 ரூபாய் போய்விட்டது.

இதற்கு மருந்து செல்போன் கேமராவில் இருக்கிறது. முந்தைய ரீடிங் எடுத்த தேதி வெள்ளை அட்டையிலோ குறுஞ்செய்தியிலோ இருக்கும். அதிலிருந்து அறுபதாவது நாள் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துவிட வேண்டும். தாமதமாக எடுத்து பில் எகிறினால், அந்தப் போட்டோவோடு பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு மனு எழுதி, கூடுதல் நாட்களின் யூனிட்டை அடுத்த கணக்கில் சேர்க்குமாறு கேட்கலாம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்க மறக்கக் கூடாது. 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலும் புகாரைப் பதிந்து பதிவெண் பெறலாம். அங்கே தீராவிட்டால் ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். இந்த இரண்டு வாசல்களும் இருப்பதே பலருக்குத் தெரியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கொடுமை. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். தனி இணைப்பு இருந்தால் 300 யூனிட்டுக்கு மின் வாரியம் வாங்குவது 705 ரூபாய். சப் மீட்டரில் 2,400 ரூபாய். வீடு பார்க்கும்போதே, "தனி சர்வீஸ் இருக்கா?" என்று கேட்பது, குளியலறை எப்படி என்று பார்ப்பதைவிட முக்கியம்.

வாடகை அட்வான்ஸுக்கும் சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்புத் தொகை வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று பிடிப்பது சென்னையில் கிட்டத்தட்ட சடங்காகிவிட்டது. சட்டத்தின் அட்டவணையோ சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றம், வயரிங் ஆகியவற்றை உரிமையாளர் பக்கமும், குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி போன்ற சில்லறை வேலைகளைக் குடியிருப்பவர் பக்கமும் வைக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பிறகு வாதாடுவது கடினம். எனவே கையெழுத்துக்கு முன்பு அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். குடிபுகும் நாளில், சாமான் இறக்கும் முன், சுவர் விரிசல் முதல் குழாய் வரை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுவது நல்லது.

சமையல் கேஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பில்லில் இருக்கும் விலையில் வீட்டில் கொண்டுவந்து தருவதும் அடக்கம். மேலே கேட்பது கட்டணமல்ல. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்க வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். வாசலில் தராசில் நிறுத்தித் தரச் சொல்வது உரிமை. கசிவு வாடை வந்தால் 1906.

வங்கியில் வாய்ப்பேச்சு செல்லாது

வங்கித் தகராறுகளில் குடும்பங்கள் இழப்பது பெரும்பாலும் தங்களுக்குச் சாதகமான விதி தெரியாததால்தான். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது என்றால், ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வர வேண்டும். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேராமல் இங்கே மட்டும் கழிந்தால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி இழப்பீடாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. வாடிக்கையாளர் கேட்காமலே கணக்கில் சேர்க்க வேண்டிய தொகை இது. சேராவிட்டால், பணம் திரும்பி வந்த பிறகும், தாமதமான நாட்களை எண்ணி எழுத்தில் கேட்கலாம்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதாமாதம் சத்தமில்லாமல் பிடிப்பது இன்னொன்று. முன்கூட்டியே தகவல் தந்து, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் கொடுத்த பிறகே பிடிக்கலாம். பிடிப்பதும் குறைவான தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான். இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை 2020லேயே கைவிட்டது. சம்பளம் நின்றுபோன பழைய கணக்கு ஏதாவது ஒரு மூலையில் கிடந்தால், அதை இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், அல்லது மூடிவிடலாம்.

கடன் அட்டையை மூடச் சொன்ன ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். பாக்கி ஏதும் இல்லாத நிலையில் தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய். வீட்டுக் கடனைக் கட்டி முடித்ததும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. "பத்திரம் ஹெட் ஆபீஸ்ல இருக்கு, வந்ததும் போன் பண்றோம்" என்று மாதக்கணக்கில் அலைக்கழித்தால், கடன் முடிந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்துப் பார்க்கலாம்.

தமிழ்க் குடும்பங்களில் அவசரத்துக்கு முதலில் பீரோவிலிருந்து எடுப்பது நகையைத்தான். நகைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புதிய விதிகளுக்கு நடைமுறைக் கெடு 2026 ஏப்ரல் 1. அடகு வைப்பவர் முன்னிலையிலேயே நகையை மதிப்பிட வேண்டும். எடை, தரம், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது எல்லாம் எழுதிய சான்றிதழ் தர வேண்டும். கடனைக் கட்டியதும் அன்றைக்கே, அதிகம் போனால் ஏழு வேலை நாளுக்குள், நகை கைக்கு வர வேண்டும். அதற்கு மேல் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய். சான்றிதழைக் கேட்டு வாங்காமல் எழக் கூடாது. அம்மாவின் தாலிக்கொடியில் அரைப் பவுன் குறைந்தது என்று பின்னால் சொல்வதற்கு வேறு சாட்சி கிடையாது.

லாக்கரோ கடனோ கேட்டுப் போனவர்களிடம் இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தள்ளிவிடுவது வங்கிக் கிளைகளில் நடக்கிறது. "டெபாசிட் மாதிரிதான் சார், அஞ்சு வருஷம் கட்டினா போதும்" என்று நம்பி ஓய்வூதியப் பணத்தைக் கொட்டிய மூத்தவர்கள் ஏராளம். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எந்தக் காரணமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், சிறு பிடித்தம் போக மீதி வரும். வீட்டில் பெரியவர்கள் வங்கிக்குப் போய் வந்தால், என்ன தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்று அந்த வாரமே பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும். அந்த 30 நாள் தாண்டிய பிறகு பேசிப் பயன் குறைவு.

எங்கேயானாலும், கிளை மேலாளர் சிரித்த முகத்தோடு "பாத்துக்கறேன்" என்று சொல்வது புகார் ஆகாது. எழுத்தில் கொடுத்து எண் வாங்கினால்தான் அது புகார். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம், வழிகாட்ட 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் முதலில் வங்கியில் புகார் கொடுத்ததற்கான ஆதாரம் இல்லாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புகார் எழுதுவது எப்படி

நல்ல புகார்க் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்து என்ன வாங்கினோம், என்ன பழுது, யாரிடம் எப்போது சொன்னோம், என்ன செய்யச் சொல்கிறோம், எத்தனை நாளுக்குள் என்பவை மட்டும் போதும். "கடந்த மார்ச் 4 அன்று 38,500 ரூபாய்க்குத் தங்கள் கடையில் வாங்கிய ஃபிரிட்ஜ் மே 10 முதல் குளிரவில்லை. மே 12, 19, 27 தேதிகளில் வந்த மெக்கானிக்குகள் சரிசெய்யவில்லை. மூன்று சர்வீஸ் சீட்டுகளின் நகல் இணைத்துள்ளேன். 15 நாளுக்குள் புதிய ஃபிரிட்ஜ் தரவும், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தரவும்" என்பது போல எழுதினால் படிப்பவருக்குத் தப்பிக்க இடமில்லை. நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும், கடைக்கு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பலாம். பல தகராறுகள் இந்தக் கடிதத்தோடே முடிந்துவிடும். எழுதத் தெரிந்தவர் என்று தெரிந்தால் நிறுவனங்கள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அது நீதிமன்றம் அல்ல. நிறுவனத்தோடு பேசித் தீர்த்துவைக்க முயலும் இடம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது 2019 சட்டம் தந்த மிகப் பெரிய வசதி. இணைய வழியில் மனுத் தாக்கல் செய்ய 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம்.

இரண்டு விஷயங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஊறுகாய் வழக்குக்கே உணவு வாங்கிய நாளிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. பொறுமை வேண்டும். மற்றொன்று காலக்கெடு: தகராறு தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். "பேசிட்டிருக்கோம் சார்" என்று நிறுவனம் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள்ளேதான் ஓடுகின்றன.

உத்தரவு சாதகமாக வந்த பிறகும் சிலர் பணத்தைத் தரமாட்டார்கள். எதிர்த்தரப்பு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு; ஆனால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்டினால்தான் மனுவை ஏற்பார்கள். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்குக் குறைந்தது ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72ஆவது பிரிவு இடம் தருகிறது. நிறைவேற்று மனுவோடு உத்தரவின் சான்றிட்ட நகல் தேவைப்படும். அதனால் தீர்ப்பு வந்த வாரத்திலேயே ஆணைய அலுவலகத்தில் நகலைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.